கென்னனைப் பற்றி நீ கேட்டது

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். படிக்கக்கூடாது, குனியக்கூடாது என்று வீட்டில் ஒரே கெடுபிடி. நேற்றுதான் புதுக் கண்ணாடி வந்தது. முதல் கடிதம் உனக்கு.

"பனிப்போரை மூட்டிவிட்ட ஆள்தானே ஜார்ஜ் கென்னன்?" என்று போகிறபோக்கில் கேட்டிருந்தாய். அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி அவர். நீ சொன்னது பாதிதான் சரி. மீதிப் பாதிக்காகத்தான் எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கும்.

1946 பிப்ரவரி. அமெரிக்கத் தூதர் ஹாரிமன் ஊருக்குக் கிளம்பிவிட்டதால் மாஸ்கோ தூதரகப் பொறுப்பு கென்னன் தலையில். அவரோ சளி, காய்ச்சல், பல்வலி என்று படுக்கையில். உலக வங்கியிலும் ஐ.எம்.எஃப்.பிலும் சேர சோவியத் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று வாஷிங்டனிலிருந்து கேள்வி வந்தது. அதுவரை அவர் ரஷ்யாவைப் பற்றி எழுதியதை அங்கே யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. கேட்டுவிட்டீர்கள் அல்லவா, வாங்கிக்கொள்ளுங்கள் என்று படுத்தபடியே சொல்லச் சொல்ல எழுதவைத்து, 5,000 வார்த்தைக்கு மேல் ஒரு தந்தி! 'ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று இரண்டே வார்த்தையில் காரியத்தை முடித்த நம் அப்பாக்கள் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்கள்.

அந்தத் தந்தி அவரை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. 1947இல் வெளியுறவு அமைச்சர் மார்ஷல் அவரைக் கூப்பிட்டு, வெளியுறவுத் துறையின் கொள்கைத் திட்டக் குழுவுக்குத் தலைவராக்கினார். போரில் நொறுங்கிய ஐரோப்பாவுக்கு அமெரிக்கா நிதி கொடுத்த மார்ஷல் திட்டத்துக்கு அடித்தளம் போட்டதில் அவருக்குப் பெரிய பங்கு. அந்த ஜூலையில் 'எக்ஸ்' என்ற பெயரில் 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைதான் வில்லங்கம். சோவியத்தைப் பொறுமையாக, விடாமல் 'கண்டெய்ன்' செய்யவேண்டும், அதாவது பரவவிடாமல் கட்டுக்குள் வைக்கவேண்டும் என்றார். அரசியல் வழியாக என்பதே தன் எண்ணம் என்று பின்னால் சொன்னார். படித்தவர்களுக்கோ படையும் துப்பாக்கியும்தான் கண்ணில் பட்டன. எதிர்ச்சக்தி என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் வேறெப்படிப் படிப்பார்கள்? பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் பத்தி பத்தியாக எழுதிக் கட்டுரையைக் கிழித்தார். மறு வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கென்னன் அவருக்கு நீளமாக ஒரு பதில் எழுதினார். அனுப்பவே இல்லை.

அதற்குப் பிறகு ஏறுமுகம் இல்லை. ஹைட்ரஜன் குண்டு வேண்டாம் என்றார், கொரியப் போரில் வடக்கையும் தெற்கையும் பிரித்த 38ஆவது இணைகோட்டைத் தாண்டாதீர்கள் என்றார். எடுபடவில்லை. 1952இல் மாஸ்கோவுக்கே தூதராகப் போனார். சில மாதத்தில், பெர்லின் விமான நிலையத்தில் நிருபர்கள் கேட்டபோது, மாஸ்கோ வாழ்க்கை நாஜிகள் தன்னை அடைத்துவைத்திருந்த காலம் மாதிரி இருக்கிறது என்று வாய்விட்டார். சோவியத் அரசு திரும்ப உள்ளே விடவில்லை. ஊருக்கெல்லாம் பொறுமை சொன்னவருக்குத் தன் நாக்கைக் 'கண்டெய்ன்' செய்ய முடியவில்லை, பார்!

அவரை மகானாக்க வரவில்லை. வெளிநாடுகளில் அமெரிக்காவின் ரகசிய நடவடிக்கைகளுக்கு 1948இல் கதவைத் திறந்துவிட்டவர்களில் அவரும் ஒருவர். பின்னால் அதை நினைத்து வருந்தினார். நாட்குறிப்புகளில் மற்ற இனத்தாரைப் பற்றி எழுதியிருப்பவை முகம் சுளிக்க வைக்கும். ஆனால் 1966இல் செனட் குழு முன் உட்கார்ந்து வியட்நாம் போர் தப்பு என்றாரே, தொலைக்காட்சியில் நாடே பார்க்க! 1997இல், 92 வயதில், மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோவைக் கிழக்கே விரிப்பது பெரும் பிழை என்று எழுதினார். 2005இல், 101 வயதில் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த மாதம் வருகிறாய் அல்லவா? அவருடைய நினைவுக் குறிப்புகள் முதல் பாகத்தை எடுத்து வைக்கிறேன். திருப்பித் தரவேண்டும், போன தடவை மாதிரி இல்லாமல். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சீனிவாசன்