பாதி எடை எங்கே போச்சு?

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்தேன். ராத்திரி படுத்த பிறகு, சரியாகச் சொல்லவில்லையே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் வகுப்பில் அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. "அசையும் கப்பி போட்டால் பாதி பலம் போதும்னா, மிச்சப் பாதி எடை எங்கே போச்சு டீச்சர்?" சூத்திரத்தை எழுதிப்போட்டு அவனை உட்கார வைத்துவிடாதே.

எடை எங்கேயும் போகவில்லை. மேலே இருக்கிற விட்டம் தூக்குகிறது. கயிற்றின் ஒரு முனையை விட்டத்தில் கட்டி, கீழே கொண்டுவந்து கப்பியைச் சுற்றி, மறுமுனையை நீ மேலே இருந்து பிடித்திருக்கிறாய். சுமை அந்தக் கப்பியில் தொங்குகிறது, சுமையோடு கப்பியும் சேர்ந்து ஏறும். சந்தையிலிருந்து வரும்போது நானும் உன் அம்மாவும் காய்கறிப் பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்து வருவோமே, அதேதான். இங்கே ஒரு காது உன் கையில், இன்னொரு காது விட்டத்தில். விட்டம் வாய் திறந்து "கனக்குது" என்று சொல்லாது, அதனால் நமக்கு அதன் ஞாபகமே வருவதில்லை.

அந்த ஞாபகம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. 1986, உனக்கு அப்போது ஒரு வயது. ஒரு தோட்டத்து மோட்டார் ரூமில் மோட்டாரைத் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். மோட்டார் 70 கிலோ. மேலே பனை விட்டம். அதே விட்டத்தில் விதைக் கடலைக்காய் மூட்டை இரண்டு, சேர்த்து 80 கிலோ, மாதக்கணக்கில் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன். 80 தாங்கின மரம் 70 தாங்காதா என்று கப்பியை மாட்டி, நானும் இன்னொருவரும் கீழே நின்று நேராக இழுத்தோம். மோட்டார் முழங்கால் உயரம் வந்ததும் விட்டத்தில் "நறுக்" என்று ஒரு சத்தம். ஓடு நாலைந்து தலைக்குப் பக்கத்தில் விழுந்தது, மோட்டார் கீழே இறங்கி அதன் வார்ப்பிரும்புக் கால் ஒன்று உடைந்தது. யாருக்கும் அடி இல்லை, சாமி புண்ணியம். அந்த வாரக் கூலி போனது வேறு விஷயம்.

கரையான்தான் காரணம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கரையானும் கொஞ்சம் இருந்தது, பொய் இல்லை. ஆனால் அப்புறம் ஒரு வயசான மேஸ்திரி கரித்துண்டால் சுவரில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். நாங்கள் மாட்டினது போல விட்டத்திலேயே நிற்கிற நிலையான கப்பியில் கயிறு இரண்டு பக்கமும் தொங்குகிறது. ஒரு பக்கம் மோட்டார் 70, இன்னொரு பக்கம் நாங்கள் இழுக்கிற 70. விட்டம் தாங்க வேண்டியது 140! கடலைக்காய் மூட்டையை யாரும் கீழே நின்று இழுத்துக்கொண்டிருக்கவில்லையே.

அதிலிருந்து நான் வைத்திருக்கிற கணக்கு இதுதான்: கயிற்றைக் கீழ்நோக்கி இழுத்தால், நீ இழுக்கிற பலமும் சுமையோடு சேர்ந்து விட்டத்தின் தலையில் ஏறும். மேல்நோக்கி இழுத்தால், நீ தூக்குகிற அளவு விட்டத்துக்குக் குறையும். அசையும் கப்பி ஒன்று போட்டு, வசதிக்காக மேலே ஒரு நிலையான கப்பியும் மாட்டிக் கீழே இழுத்தால், அதே மோட்டாருக்கு உன் கைக்கு 35, விட்டத்துக்கு 105. கப்பியின் சொந்த எடையும் உராய்வும் தனி.

அடுத்து அந்தப் பையன் கேட்கப் போவது, "நிலையான கப்பியில் ஒன்றும் மிச்சம் இல்லைன்னா அதை எதுக்கு மாட்டணும்?" என் அப்பா, அதான் உன் அப்பாரு, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டினதைச் சொல். சால் என்கிற இறைவைப் பாத்திரம் நிறையத் தண்ணீரோடு வடக்கயிறு கப்பி வழியாக வரும். கப்பியால் பலத்தில் ஒரு கிலோகூட மிச்சம் கிடையாது. ஆனால் மேலே தூக்க வேண்டியதை மாடுகள் முன்னால் நடந்து இழுத்தால் போதும். அதுவும் சரிவில் இறங்கி நடக்கிற மாதிரி மண்ணை வெட்டி வைத்திருப்பார்கள், மாட்டின் எடையே பாதி வேலை பார்க்கும். போதாததற்கு அப்பாரு வடத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே இறங்குவார். சின்ன வயசில் அதை விளையாட்டு என்று நினைத்திருந்தேன். தன் எடையையும் கயிற்றில் ஏற்றுகிறார் என்று கப்பி வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

போட்ட பலத்தைப்போல எத்தனை மடங்கு சுமை ஏறுகிறது என்பதற்கு உங்கள் புத்தகத்தில் "இயந்திர லாபம்" என்று போட்டிருக்கிறார்களே, அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. லாபம் என்றால் பிள்ளைகள் ஏதோ சும்மா கிடைக்கிறது என்று நினைப்பார்கள். இது தவணை. மொத்தமாகக் கட்ட முடியாததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறோம். அசையும் கப்பியில் சுமை 1 அடி ஏற வேண்டுமானால் அதைத் தாங்குகிற இரண்டு கயிறும் ஆளுக்கு 1 அடி குறைய வேண்டும், நீ 2 அடி இழுக்க வேண்டும். எங்களிடம் 1 டன் செயின் பிளாக், அதாவது சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்குகிற கருவி, ஒன்று இருந்தது. பாரம் 1 அடி ஏற, கைச்சங்கிலியை 40 அடி இழுக்க வேண்டும். கணக்குப்படி 1000 கிலோவுக்கு 25 கிலோ பலம் போதும். நிஜத்தில் 35 கிலோவுக்குக் குறைந்து அது அசைந்ததில்லை. மேலே போன 10 கிலோ உராய்வுக்கு. தவணைக்கு வட்டி இல்லாமலா?

ஆனால் வட்டியைத் திட்டிக்கொண்டே இருக்காதே. மாப்பிள்ளை காரில் இருக்கிற ஸ்க்ரூ ஜாக்கியில் நீ போடுகிற உழைப்பில் பாதிக்கு மேல் மரையின் உராய்வே தின்றுவிடுகிறது. அப்படித் தின்பதால்தான் கைப்பிடியை விட்டாலும் கார் தானாக இறங்குவதில்லை.

நெம்புகோலுக்கு ஆத்தாவின் பாக்குவெட்டியே போதும். பாக்கைக் கீல் பக்கம் தள்ளி வைத்தால் கிழவியும் வெட்டலாம், நுனியில் வைத்தால் பயில்வானும் திணறுவான். இதற்கு நேர் எதிர் நம் கை. தசை முழங்கையை ஒட்டிப் பிடித்திருக்கிறது, சுமையோ உள்ளங்கையில். 5 கிலோ அரிசிப் பையைத் தூக்க உள்ளே தசை அதைப்போல ஆறேழு மடங்கு இழுக்க வேண்டும். அப்படி நஷ்டப்பட்டுத்தான் விரல் நுனிக்கு வேகமும் தூரமும் கிடைக்கிறது. என் தோள் இப்படி ஆனதற்கும் இதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

வகுப்பில் ஒன்று செய்து பார். வில் தராசு இரண்டு எடுத்துக்கொள், ஒன்று கையில், ஒன்று மேலே கொக்கியில். இரண்டு செங்கல், 6 கிலோ என்று வை. முதலில் அசையும் கப்பியில் தொங்கவிட்டு மேலே பிடி, இரண்டு தராசும் ஏறக்குறைய 3 காட்டும். அப்புறம் கப்பியை மேல் தராசில் மாட்டி, கீழே இழு. மேலே என்ன காட்டும் என்று முதலில் எல்லோரையும் எழுதித் தரச் சொல். 6 என்றுதான் முக்கால்வாசிப் பேர் எழுதுவார்கள். அந்தப் பையன் என்ன எழுதினான் என்று எனக்குச் சொல்.

கப்பி கடையில் வாங்காதே. நம் கிணற்றுக் கப்பியைக் கழற்றிப் பார்சலில் போட்டிருக்கிறேன். அச்சுக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன், பழைய வேட்டியில் சுற்றியிருக்கிறது. மாப்பிள்ளையை வெள்ளைச் சட்டையோடு பிரிக்க வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
அப்பா