மிச்சம் என்ன இருக்கு?

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள மாலதி,

நாலு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அம்மாவுக்கு வாரத்தில் 3 நாள் டயாலிசிஸ், மீதி நாள் எனக்கு வேலை. திட்டுவதையெல்லாம் நேரில் வரும்போது வைத்துக்கொள், வழக்கம்போல ஒன்றுவிடாமல் திட்டுவாய், தெரியும்.

போன வாரம் யாழினி வேதியியல் தாளைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டு அழுதாள். இந்த வருஷம் ஏ நிலைத் தேர்வு. எது பஃபர் என்று கண்டுபிடிக்க வேண்டும், அதாவது கொஞ்சம் அமிலமோ காரமோ விட்டாலும் பிஎச் (அமில-கார அளவு) அதிகம் மாறாத கரைசல் எது என்று, அவ்வளவுதான் கேள்வி. 30 மில்லி அசிட்டிக் அமிலம், 10 மில்லி சோடியம் ஹைட்ராக்சைடு என்ற வலுவான காரம், இரண்டும் ஒரே செறிவு, 0.1 மோலார். பார்த்ததுமே அதை அடித்துவிட்டிருக்கிறாள். "ஸ்ட்ராங் பேஸ் இருக்கும்மா, அது எப்படி பஃபராகும்?"

எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை. துணைப்பாட வகுப்பில் வலுக்குறைந்த அமிலம் அல்லது காரம், கூடவே அதன் உப்பு என்று ஜோடி ஜோடியாக மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறார்கள்: அசிட்டிக் அமிலம் என்றால் சோடியம் அசிட்டேட், அமோனியா என்றால் அமோனியம் குளோரைடு. ஜோடி கண்ணுக்குத் தெரியாவிட்டால் பிள்ளை என்ன செய்யும்?

கடை ரசீதைத் திருப்பிப்போட்டு எழுதினேன். அமிலம் 3 மில்லிமோல், காரம் 1. அப்புறம் நம் வேதியியல் பாமா மிஸ் மாதிரியே பேனாவால் மேசையைத் தட்டிக் கேட்டேன்: "மிச்சம் என்ன இருக்கு?" 1 அமிலத்தைத் தின்றுவிட்டுக் காரம் காலி. அமிலம் 2 நிற்கிறது, புதிதாக 1 அசிட்டேட் வந்திருக்கிறது. ஜோடி அங்கேயே பிறந்துவிட்டது! பிஎச் 4.46 என்று அவளே போட்டாள். காரமும் 30 மில்லி என்றால் அமிலம் மிஞ்சாது, அசிட்டேட் மட்டும்தான், பஃபர் இல்லை. சோடியம் அசிட்டேட் 30 மில்லியில் அதே செறிவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லி விட்டால்? கொஞ்சம் யோசித்து, "அதுவும் பஃபர்தாம்மா" என்றாள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு உப்பை எவ்வளவு கொட்டினாலும் ஆகாது, குளோரைடு அமிலத்தைப் பிடித்துக்கொள்ளாதே.

அதோடு விட மனம் வரவில்லை. தேக்காவில் வாங்கிய காய்ந்த சங்குப்பூவை ஊறவைத்து இரண்டு கிளாசில் ஊற்றினேன். ஒன்றில் மட்டும் அரை ஸ்பூன் சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டதும் வெறும் கிளாஸ் ஊதாவாகிவிட்டது. சோடா போட்டது லேசாக நுரைத்துவிட்டு நீலமாகவே நின்றது. இன்னும் நாலு சொட்டு. அப்போதும் நீலம்தான்.

"பாட்டி ரத்தத்திலும் இந்த பைகார்பனேட்தானே?" என்று கேட்டாள், மாலதி. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ரத்தத்தின் பிஎச் 7.35லிருந்து 7.45க்குள் நிற்க வேண்டும். பைகார்பனேட் குறையாமல் பார்த்துக்கொள்வது சிறுநீரகம். அம்மாவுக்கு அது ஓய்ந்துபோய், இப்போது டயாலிசிஸ் திரவத்திலிருந்துதான் வருகிறது. 3 வருஷமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அந்த இயந்திரத்தை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை.

சரி, உன் பழைய செய்முறை நோட்டு பரணில்தானே இருக்கிறது? பாமா மிஸ் எழுதிக்கொடுத்த கணக்குகளை மட்டும் படம் எடுத்து அனுப்பு. யாழினி இன்னும் 10 கேட்கிறாள்.

அன்புடன்,
செல்வி