மார்ச் 17க்கு முன் பிள்ளைகளின் வாத்தியங்களைப் பார்த்துவிடுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கும் இளம் கலைஞர்களுக்கும் வணக்கம்.

அயர்லாந்துக்காரர்கள் கொண்டாடும் செயின்ட் பேட்ரிக் நாள் நெருங்குகிறது. சிகாகோவில் ஐரிஷ் இசை வாசிக்கும் பிள்ளைகளுக்குக் கச்சேரிகள் குவியும் காலம் இது. வாத்தியங்கள் மக்கர் செய்வதும் இப்போதுதான். காரணம் வீட்டு ஹீட்டர். மர வாத்தியத்துக்கு 40 முதல் 60 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். கடுங்குளிரில் ஹீட்டர் ஓடும் அறையில் அது 20க்கும் கீழே போய்விடும். பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரப்பதமானி வையுங்கள்.

எங்களுக்குப் பெரிய கவலை மரப் புல்லாங்குழல்தான். அதிலும் தலைப்பகுதிக்குள் உலோகக் குழாய் பொருத்தியது. காய்ந்த மரம் சுருங்கும், உள்ளே இருக்கும் உலோகம் இடம் கொடுக்காது, மரம் பிளக்கும். பிளப்பதற்கு முன்பே அடையாளம் தெரியும்: மூட்டுகளில் உள்ள வெள்ளி வளையத்தை விரலால் திருப்பிப் பாருங்கள். கழன்று சுழன்றால் அன்றே வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் கடைக்குக் கொண்டுவாருங்கள்.

ஃபிடிலின் (வயலின்) பிருடை, அதாவது தந்தியை முறுக்கும் முளை, நழுவினால் பிள்ளையைக் கோபிக்காதீர்கள். திருப்பும்போதே உள்நோக்கி அழுத்தினால் பெரும்பாலும் நிற்கும். ரீல் என்னும் ஐரிஷ் நடன மெட்டு பொதுவாக 32 பார் (தாளப் பகுதி) நீளம். அதை இரண்டு மூன்று முறை வாசித்துவிட்டு நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குப் போவார்கள். நடுவில் சுருதி சேர்க்க நேரமே கிடைக்காது. அதனால் பிருடை வீட்டிலேயே சரியாக இருக்க வேண்டும்.

ஐரிஷ் பைக்குழலான இல்லன் பைப்ஸ் வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒலி எழுப்பும் நாணல் நாக்கான ரீடைச் சீவாதீர்கள். நாதஸ்வரச் சீவாளிக்கு வாயின் ஈரம் கிடைக்கும். இல்லன் பைப்ஸோ துருத்தியால் ஊதப்படுவது. அறையின் காய்ந்த காற்று மட்டுமே உள்ளே போகிறது. பிப்ரவரியில் சீவிச் சரிசெய்த ரீட், ஆகஸ்டில் ஃப்ளா கியோல் என்னும் ஐரிஷ் இசை விழாப் போட்டிக்கு அயர்லாந்து போனதும் அந்த ஈரக் காற்றில் வேறு மாதிரி பேசும். சீவியதை ஒட்டவைக்க முடியாது. முதலில் அறையின் ஈரத்தைக் கூட்டுங்கள்.

கையில் பிடித்து வாசிக்கும் ஐரிஷ் மேளமான போரானின் ஆட்டுத்தோல் காயும்போது விறைக்கும். வாசித்து முடித்ததும் திருகுகளைத் தளர்த்திவிடுங்கள். மேடைக்கு முன் தோலின் உட்புறத்தை ஈரக்கையால் லேசாகத் தடவினால் போதும்.

நான்கு தந்தி வாத்தியமான டெனர் பேஞ்சோவில் சத்தம் கரகரத்தால் தந்தியைப் பாருங்கள். ஐரிஷ் இசைக்கு ஜி‑டி‑ஏ‑இ சுருதி. சி‑ஜி‑டி‑ஏ தந்தியையே இறக்கி மாட்டினால் தொளதொளத்து ஃப்ரெட்டில் அடிக்கும். தடிமனான தந்தி வாங்குங்கள்: .040, .030, .020, .012 அங்குலம்.

சின்ன உலோகக் குழலான டின் விசில் அடைத்துக்கொண்டால் அது குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூச்சின் ஈரம் காற்றுவழியில் நீராகிறது. பத்து நிமிடம் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கிய பிறகு ஊதச் சொல்லுங்கள். காரில் குளிர்ந்த மற்ற வாத்தியங்களை அரங்குக்குள் போனதும் அரை மணி நேரம் பெட்டியைத் திறக்காமல் வையுங்கள்.

பிருடை, தந்தி வேலைகள் ஒரே நாளில் முடியும். விரிசலுக்கு இரண்டு வாரம் வேண்டும்; அதனால் விரிசல் கண்ட குழல்களை மார்ச் 1க்குள் கடையில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
கடைப் பட்டறையினர்