சின்ன பின்னுதானேன்னு பார்சல்ல போட்டுடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மலேசியாவுல பினாங்கு நிபோங் தெபால் பக்கம் இருக்கேன். எங்க வீட்ல அப்பா காலத்து செனாப்பாங் (வேட்டைத் துப்பாக்கி) ஒண்ணு இருக்கு, இங்கிலாந்து பர்மிங்ஹாம்ல செஞ்ச இரட்டைக் குழல், 12 போர் (குழல் அளவு). செம்பனைக் கன்னுங்கள காட்டுப்பன்னி தோண்டிப் போட்டுட்டு போகுதுன்னுதான் அப்பா லைசென்சு எடுத்தாரு, அவரு போனதுக்கப்புறம் நான் முறைப்படி விண்ணப்பம் போட்டு என் பேர்ல எடுத்து தவறாம புதுப்பிச்சுக்கிட்டு வரேன்.

போன வருஷம் வலது குழலோட ஃபயரிங் பின், அதாவது தோட்டாவத் தட்டி வெடிக்க வைக்கிற ஊசி, அதோட முனை உடைஞ்சிருச்சு. தீக்குச்சி அளவுதான் இருக்கும் அந்த சாமான். லண்டன்ல இருக்கிற மச்சான் அங்க ஒரு கடையில இருக்குன்னு போட்டோ அனுப்புனாரு, இங்க கூரியர் ஆளுகிட்ட கேட்டா "மெஷின் ஸ்பேர் பார்ட்ஸ்னு எழுதிடலாம்ண்ணே, யாரு பிரிச்சுப் பார்க்கப் போறா"ன்னு சர்வ சாதாரணமா சொல்றாரு, இன்னொருத்தர் லேத் கடையில கடைஞ்சு தரேன்னாரு. ரெண்டு பேரும் நல்ல மனசோடதான் சொன்னாங்க, அதான் எனக்கு பயமா இருந்துச்சு, ஏன்னா இத கேட்டு எத்தனை பேரு செஞ்சிருப்பாங்களோ.

நம்ம 1960ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துல ஆயுதம்னா முழு துப்பாக்கி மட்டும் இல்ல, அதோட உதிரி பாகமும் ஆயுதம்தான், ஏர் கன்னுகூட அதுல வருது. அப்படின்னா அந்த தீக்குச்சி பின்னு பார்சல்ல வந்தா ஒரு துப்பாக்கி வந்த மாதிரிதான் கணக்கு. அந்தச் சட்டப்படி பெர்மிட் இல்லாம ஆயுதம் வச்சிருந்தா 7 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்துகூட போடலாம். லேத்துல கடையறது ஆயுதம் செய்யறதுக்குள்ள போயிடும், அதுக்கு தண்டனை இத விட எவ்வளவோ கடுமை. ரிப்பேரும் அதுக்குன்னு லைசென்சு உள்ள கடைதான் செய்யணும்.

அதனால மொதல்ல போலீஸ்ல அனுமதி, அப்புறந்தான் ஆர்டர். அந்தப் பக்கம் விக்கிறவரும் அவங்க அரசாங்கத்துக்கிட்ட ஏற்றுமதி லைசென்சு வேணுமான்னு கேட்டு முடிச்சுட்டுத்தான் அனுப்பணும். அமெரிக்காவுல இருந்து வாங்குறவங்களுக்கு இன்னொரு விஷயம், அங்க சாதாரண ரைஃபிள், பிஸ்டல் சாமான்ல பெரும்பாலானது 2020 மார்ச் 9ல இருந்து வெளியுறவுத் துறைய விட்டு வர்த்தகத் துறைக்கு மாறிடுச்சு, பழைய ஆளுங்க சொல்ற வழியில போனா தப்பான ஆபீஸ் வாசல்ல நிப்பீங்க.

ஒண்ணு நான் யோசிக்கவே இல்ல. உடைஞ்ச பின்னையே சேம்பிளுக்கு அனுப்பலாம்னு இருந்தேன். பழைய இங்கிலீஷ் துப்பாக்கி எல்லாம் கையால ராவிப் பொருத்துனது, அதே மாடல் பின்னுகூட நேரா உக்காராது, அதான் சேம்பிள் இருந்தா நல்லதுன்னு நெனச்சேன். ஆனா அத வெளிநாட்டுக்கு அனுப்புனா அதுவும் ஏற்றுமதிதானே, அதுக்கும் இங்க அனுமதி வேணும்! நல்லவேளை கேட்டேன். இப்ப பின்ன அனுப்பாம அளவெடுத்து போட்டோவோட அனுப்பியிருக்கேன்.

விண்ணப்பம் போட்டுட்டு காத்திருக்கேன், பன்னி வந்துக்கிட்டுதான் இருக்கு, பரவால்ல. நான் சொல்ல வர்றது, எங்கள மாதிரி சின்ன தோட்டக்காரங்கள்ல பாதிப் பேருக்கு மலாய் ஃபாரம் படிச்சு நிரப்பவே ஆள் வேணும். எந்த ஃபாரம், எங்க கொடுக்கணும், கூட என்ன வைக்கணும்னு போலீஸ்ல கேட்டு உங்க பத்திரிகையில தமிழ்ல அரைப் பக்கம் போட்டா பெரிய உதவியா இருக்கும். கூரியர் கடைக்காரங்களும் அத வெட்டி கவுண்டர்ல ஒட்டி வைக்கட்டும்.

இப்படிக்கு,
தோட்டக்கார வாசகர்,
நிபோங் தெபால், பினாங்கு