பொன்னிலை மரத்திற்கு எரு வேண்டாம்

உச்சிப்புளி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கிலாந்து வீட்டின் பின்புறத்தில் ராபினியா ஃபிரிசியா என்ற பொன்னிற இலை மரத்தின் கன்று ஒன்றை நடப்போவதாகவும், அதற்கு என்ன எரு இடலாம் என்றும் கேட்டிருந்தாய். எருவே இடாதே என்பதுதான் என் பதில். அது நம் அகத்தி, புங்கை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவின் துணையோடு காற்றிலுள்ள தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். நம் கடற்கரை மணலைப் போலச் சத்துக் குறைந்த, நீர் தேங்காத நிலமே அதற்குப் போதும். கொழுத்த மண்ணில் யூரியாவையும் போட்டால், ஏற்கெனவே உறுதியற்ற அதன் கிளைகள் மளமளவென நீண்டு, காற்றடிக்கும்போது முருங்கைக் கொப்பைப் போல மளுக்கென்று ஒடியும்.

அங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து காற்று வீசும் என்பதால் அந்தப் பக்கம் ஓரளவு மறைப்பு வேண்டும். ஆனால் வெயிலை மறைத்துவிடக் கூடாது. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதால் நண்பகலில் சுவரின் நிழல் சுவரடியிலேயே சுருங்கிவிடும். அங்கே சூரியன் தெற்கே சாய்ந்தே செல்வதால் வீட்டின் வடபுறம் நிழல் நீண்டு கிடக்கும். அந்த நிழலில் மட்டும் நடாதே. அந்த இலையில் பச்சையம் குறைவு. அதனால்தான் மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. நிழலில் நின்றால் பொன்னிறம் மங்கி வெளிர்ப்பச்சையாகிவிடும், பிறகு அந்த மரத்தை விலை கொடுத்து வாங்கியதில் பொருளில்லை. நல்ல வெயிலிலும் நடுக்கோடையில் சற்றுப் பச்சை கலக்கும். இலையுதிர்வதற்கு முன் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக மாறும்.

1935-இல் நெதர்லாந்தில் உருவான இந்த வகையை ஒட்டுக்கன்றாகத்தான் விற்கிறார்கள். ஒட்டு மாங்கன்றைப் போலவே ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். வேராக நிற்கும் அடிக்கன்று சாதாரணப் பச்சை இலை ராபினியா; ஒட்டுக்குக் கீழிருந்தோ வேரிலிருந்தோ அது துளிர்த்தால், வளர விடாமல் உடனே அகற்றிவிடு. வீரியம் மிகுந்த பச்சைக் கிளைகள் நாளடைவில் பொன்னிலைக் கிளைகளை அமுக்கிவிடும். வேர்த்துளிரை மண்மட்டத்தில் நறுக்காமல், மண்ணைப் பறித்து, வேரோடு சேரும் இடத்திலிருந்தே பிய்த்தெடு. மரத்தடியில் மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தவும் வேண்டாம். வேரில் காயம் பட்டால் துளிர்கள் இன்னும் பெருகும். சீமைக் கருவேலத்தோடு மல்லுக்கு நிற்கும் ஊரில் பிறந்த உனக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

கிளைகளில் முள் உண்டு. பட்டை, இலை, விதை ஆகியவை நஞ்சு. பேரன் காய்களைப் பொறுக்கி வாயில் வைக்காமல் பார்த்துக்கொள். 10 மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய மரம் என்பதால் வீட்டுச் சுவரை விட்டு நன்றாகத் தள்ளியே குழி எடுக்கச் சொல். கவாத்து செய்வதானால் கோடை முடிவில் செய். வசந்தத்தில் வெட்டினால் வெட்டுவாயில் சாறு ஒழுகும்.

மற்ற மரங்களெல்லாம் தழைத்த பிறகும் இது மே மாதம் வரை மொட்டையாக நிற்கலாம். பட்டுப்போயிற்று என்று பிடுங்கிவிட வேண்டாமென மாப்பிள்ளையிடமும் சொல்லி வை.

அன்புடன்,
அப்பா