லேம்ப்ப மாத்திட்டு ரேட்ட ஏத்துங்க: கருவி மைய கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய துணைவேந்தர் ஐயாவுக்கும், பதிவாளர் அவர்களுக்கும், கருவி மைய கமிட்டில இருக்கிற பேராசிரியர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் வந்த சர்க்குலர் பார்த்தோம். யூசர் சார்ஜ் எல்லாத்தையும் ஏத்தியிருக்கீங்க, சரி, செலவு இருக்கும். ஆனா அந்த லிஸ்ட்ல பி.எல். ஸ்பெக்ட்ரோமீட்டரும் (ஒளி பட்டதும் ஒரு பொருள் திருப்பி வெளிய விடுற ஒளிய அளக்கிற மெஷின்) இருக்கு, அதுக்கும் புது ரேட், வெளி காலேஜ்காரங்களுக்கு இன்னும் கூட. அந்த மெஷின் ஓடலைன்னு உங்களுக்கு தெரியாம இருக்காது, லெட்டர் மேல லெட்டர் கொடுத்தாச்சு, ஃபைல் இப்ப யார் டேபிள்ல இருக்குன்னு கேட்டா எங்க லேப் ஜூனியர் கூட சொல்லுவான். ஓடாத பஸ்ஸுக்கு டிக்கெட் விலை ஏத்தின கதையால்ல இருக்கு.

இத்தனைக்கும் போனது சாம்பிள் மேல ஒளி அடிக்கிற ஸீனான் லேம்ப் மட்டும்தான். அது எரிய எரிய தேஞ்சு போற சாமான், இத்தனை மணி நேரம்தான் வரும்னு கம்பெனிக்காரனே எழுதித்தான் விக்கிறான். ஏ.எம்.சி., அதாவது வருஷ பராமரிப்பு ஒப்பந்தம் முடிஞ்சுது, ரினியூ பண்ணல, லேம்ப் போச்சு, இப்ப மெஷின் மேல துணி போர்த்தி வச்சிருக்கு. தயவுசெஞ்சு அந்த லேம்ப்ப வாங்கிக் கொடுங்க, கேக்கிறது அவ்வளவுதான்.

'யூவி-விஸ் இருக்குல்ல, அத வச்சு ஒப்பேத்துங்க'ன்னு பதில் வந்துச்சு. ஐயா, யூவி-விஸ் ஒரு பொருள் எந்த ஒளிய உள்ள வாங்குதுன்னு சொல்லும், என்னத்த வெளிய விடுதுன்னு சொல்லாது. நானோ துகளோட மேற்பரப்புல குறை இருந்தா உள்ள போன சக்தி அங்கயே மாட்டி சூடா வீணாப் போயிடும், யூவி-விஸ் காட்டுற அப்சார்ப்ஷன் கர்வ் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே அழகா இருக்கும். நாங்க ஆராய்ச்சி பண்றதே அந்த வெளிய வர்ற ஒளியத்தான்.

நான் பண்றது சீசியம் லெட் புரோமைடு, பெரோவ்ஸ்கைட்ங்கிற படிக அமைப்புல இருக்கிற நானோ கிரிஸ்டல். பத்து நானோமீட்டர் பக்கத்துல சைஸ், 365 நானோமீட்டர் யூவி டார்ச் அடிச்சா பச்சையா கண்ணைப் பறிக்கும். ஆனா ஈரம்னா ஆகாது. மேல ஒட்டியிருக்கிற ஒலெயிக் ஆசிட், ஒலெயிலமைன் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கழண்டுடும், துகளுங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து அடில படிஞ்சிடும், பச்சை செத்துடும். இங்க மெஷின் இல்லாததால சென்னைல வேற ஒரு இடத்துல ஸ்லாட் கெஞ்சி வாங்கி, சாம்பிள எடுத்துக்கிட்டு போறோம். சால்வென்ட் இருக்கிறதால கொரியர்காரன் தொடமாட்டேங்குறான், அதனால சின்ன பாட்டில்ல பாராஃபிலிம் சுத்தி, டப்பாக்குள்ள டப்பா வச்சு, நவம்பர் மழைல ராத்திரி பஸ்ல மடில வச்சுக்கிட்டு, பக்கத்து சீட்டுக்காரர் 'என்னம்மா பெயின்ட் வாசனை'ன்னு கேக்க, சும்மா சிரிச்சு சமாளிச்சு... பத்த வச்சா எரியிற சாமானை பயணிங்களுக்கு நடுவுல கொண்டு போறது தப்புன்னு எங்களுக்கும் தெரியும், அங்க எங்கள கொண்டு விட்டது யாரு? போய் இறங்கி ஸ்லாட் வர்றதுக்குள்ள கரைசல் கலங்கிப் போயிருக்கும். குவாண்டம் ஈல்டு, அதாவது உள்ள வாங்கின ஒளில எவ்வளவு வெளிய வருதுங்கிற கணக்கு, பாதாளத்துல. பேப்பர் அனுப்பினா ஜர்னல் ரிவ்யூவர் கேக்கிறார், ஃப்ரெஷ் சாம்பிள்ல ஏன் அளக்கலன்னு. என்ன எழுதறது, பஸ் லேட்டுன்னா?

துகளோட சைஸ் மாறினா கலர் மாறும்ங்கிற குவாண்டம் டாட் வேலைக்கு 2023ல பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூணு பேருக்கும் கெமிஸ்ட்ரி நோபல் கொடுத்தப்ப நம்ம கேம்பஸ்ல ஃபிளெக்ஸ் வச்சோம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம் வந்தா சர் சி.வி. ராமன் படத்துக்கு மாலை. நம்ம திருச்சில பிறந்தவரு, கொறஞ்ச செலவுல சாதிச்சாருன்னு மேடைல பேசி எங்களுக்கு புத்தி சொல்றீங்க. அவரும் 1928ல ஒளிச் சிதறல முதல்ல சூரிய வெளிச்சத்த வச்சு பார்த்துட்டு, அப்புறம் பாதரச விளக்குக்கு மாறினவருதான். அவருக்கே லேம்ப் வேண்டியிருந்துச்சுங்கய்யா.

எல்லாத் தப்பும் உங்க மேலன்னு சொல்லல. ஆராய்ச்சிக் கருவிக்கு 5 சதவீதமா இருந்த ஜி.எஸ்.டி.ய 2022 ஜூலைல 18 சதவீதம் ஆக்கினது நீங்க இல்ல. ஃபெல்லோஷிப் மாசக் கணக்கா நிக்கிறதுக்கும் காரணம் டெல்லின்னுதான் சொல்றாங்க. ஆனா லேம்ப்புக்கான கையெழுத்து இங்கதான இருக்கு? தீசிஸ் கொடுக்க பேப்பர் கட்டாயம், ரேங்கிங்குக்கு பேப்பர் எண்ணிக்கை உடனே வேணும், சனிக்கிழமைக்குள்ள எக்ஸெல் ஷீட் அனுப்பணும். எண்ணுறதுக்கு மட்டும் ஆள் இருக்கு, மெஷின ஓட்டத்தான் டெக்னீஷியன் போஸ்ட் காலியாவே கிடக்கு.

சரி, கோவத்துல கொஞ்சம் ஜாஸ்தி எழுதிட்டேன், மரியாதைக் குறைவா எடுத்துக்காதீங்க. தாழ்மையா கேக்கிறது: லேம்ப்புக்கு பர்ச்சேஸ் ஆர்டர் போடுங்க, ஏ.எம்.சி. ரினியூ பண்ணுங்க, மெஷின் எந்த தேதில ஓடும்னு ஒரு வரி எழுத்துல கொடுங்க. அதுவரைக்கும் அந்த ரேட் லிஸ்ட்ல இருந்து பி.எல். வரிய மட்டும் எடுத்துடுங்க, வெளி காலேஜ் பிள்ளைங்க நிஜம்னு நம்பி டி.டி. எடுத்துட்டு வந்துடப் போறாங்க.

இப்படிக்கு,
இயற்பியல் துறை ஆராய்ச்சி மாணவி