தமிழ்த் தேசியத் தோழர்களுக்கு, முனிச்சாலையிலிருந்து

தோழர்களே, வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தேன். இந்தி பேசுகிறவர்கள் 52 கோடி என்று 2011 கணக்கெடுப்பு காட்டியதே, அதில் 5 கோடிப் பேர் தாய்மொழி போஜ்புரி என்று சொன்னவர்கள். ராஜஸ்தானி, மகஹி, சத்தீஸ்கரி என 50க்கும் மேற்பட்ட மொழிகளை உள்ளே தள்ளித்தான் அந்தக் கணக்கு வந்தது என்று ஒருவர் புட்டுப் புட்டு வைத்தார். நானும் கைதட்டினேன். டீ குடிக்க வெளியே வந்தபோது, நான் அம்மாவிடம் போனில் பேசியது அவர் காதில் விழுந்துவிட்டது. "இது என்ன பாஷை? அப்ப நீங்க தமிழர் இல்லையா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

நான் மதுரைக்காரன். வீட்டில் சௌராஷ்டிரம். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டபடியே பாட்டி கதை சொன்ன மொழி. அதற்குத் தனி எழுத்து உண்டு, 2008இல் யூனிகோடிலும் ஏறிவிட்டது. எனக்குத்தான் வாசிக்க வராது. பாட்டியின் கதைகளைத் தமிழ் எழுத்தில்தான் எழுதி வைத்திருக்கிறேன். கணக்கெடுப்பில் எங்களைக் குஜராத்திக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். சரி, அது டெல்லிக்காரர்கள் வேலை. இருளர் மொழியை எதற்குக் கீழே போட்டிருக்கிறார்கள் தெரியுமா? தமிழுக்கு. போஜ்புரிக்காகக் கொதித்த மேடையில் இதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கூடுவது நம் கணக்கு என்றால் கசக்கவா செய்யும்?

கூட்டம் தொடங்கும்போது தமிழ்த்தாய் வாழ்த்துப் போட்டீர்கள், பழைய பதிவு. எல்லோரும் எழுந்து நின்றோம். பாடியவர்கள் டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும். டி.எம்.எஸ். எங்கள் மதுரைச் சௌராஷ்டிரர். சுசீலாம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. இசையமைத்த எம்.எஸ்.விஸ்வநாதனுக்கு மலையாளம். அவர்கள் யாரையும் டீக்கடையில் நிறுத்தி இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அப்புறம் அந்தத் துண்டறிக்கை. கணக்கெடுப்புக்கு ஆள் வந்தால் 'தாய்மொழி தமிழ் என்றே சொல்லுங்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். 'வீட்டில் பேசும் மொழி எதுவோ அதையே சொல்லுங்கள்' என்று மாற்றுங்கள். நான் தாய்மொழி சௌராஷ்டிரம், தெரிந்த பிற மொழி தமிழ் என்றுதான் சொல்லப்போகிறேன். மாற்றி அச்சடித்தால் கீழவாசல் பக்கம் வீடு வீடாகக் கொடுக்கும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முனிச்சாலைக்காரன்